பூங்குழலியின் படம் எங்கே போயிற்று?

‘பொன்னியின் செல்வன்’ இணையத்தில் முழுமையாகக் கிடைக்கிறது என்று நம்மில் பலரும் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறோம். ஐந்து பாகங்களும் இருக்கின்றன. அத்தியாயம் எதுவும் விடுபடவில்லை. கைப்பேசியில்கூடப் படிக்கலாம். எல்லாம் சரிதான். ‘முழுமையாக’ என்ற ஒரு சொல்லைத்தான் எங்களால் ஒப்புக்கொள்ள இயலவில்லை.

அந்த நாவல் 1950 அக்டோபர் 29 முதல் 1954 மே 16 வரை ‘கல்கி’ வார இதழில் வெளிவந்தது. அன்றைய வாசகர் கையில் எடுத்தது வெறும் வாக்கியங்களை அல்ல. தலைப்பெழுத்து, மணியத்தின் ஓவியம், ஓவியத்தை ஒட்டி இறங்கும் பத்தி, ‘தொடரும்’ என்ற அறிவிப்பு ஆகிய அனைத்தும் சேர்ந்த பக்கத்தையே அவர் எடுத்தார். இரண்டாம் பாகமான ‘சுழற்காற்று’ கோடிக்கரையில் தொடங்குகிறது. கடலும் படகும் பூங்குழலியும் முதல் அத்தியாயத்திலேயே வந்துவிடுகிறார்கள். அடுத்த அத்தியாயத்தின் தலைப்பே ‘சேற்றுப் பள்ளம்’. பூங்குழலி என்ற பெயரைக் கேட்டதும் ஒரு தலைமுறையின் மனத்தில் எழுந்த உருவத்தைக் கல்கியின் சொற்கள் பாதியும் மணியத்தின் தூரிகை பாதியுமாகப் படைத்தன. இன்று இணையத்தில் பரவியிருக்கும் பாடத்தில் அந்தத் தூரிகை இல்லை. அதுகூடப் பரவாயில்லை. ‘இவ்விடத்தில் ஒரு படம் இருந்தது’ என்ற அடையாளம்கூட இல்லை. படம் போனதைக் காட்டிலும், போன சுவடும் தெரியாமல் போனதுதான் எங்கள் வழக்கு.

யாரையும் குறை சொல்லும் முன் நன்றியைச் சொல்லிவிடுகிறோம். மதுரைத் திட்டம் 1998 பொங்கல் நாளில் தொடங்கியபோது தொலைபேசிக் கம்பி வழியே ஒரு படம் இறங்குவதற்குள் காப்பி ஆறிவிடும். தமிழ் எழுத்துருவுக்கே பொது உடன்பாடு இல்லாத காலம் அது. கு. கல்யாணசுந்தரமும் அவருடன் சேர்ந்த தன்னார்வலர்களும் தட்டச்சிட்டுத் தந்த எழுத்துதான் இன்றைய தமிழ் இணையத்தின் அஸ்திவாரம். படத்தை விட்டுவிட்டது அன்றைக்கு ஒரு வழியின்மை. அந்த வழியின்மை நீங்கிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனால் அது ஏற்படுத்திய பழக்கம் இன்னும் நீங்கவில்லை. அந்தப் பழக்கத்தோடுதான் எங்களுக்குச் சண்டை.

*

படத்தைக் கைவிட்டவர்கள் இரண்டு வகைப்படுவர்.

முதல் வகையினர் தூய எழுத்துக்காரர்கள். “இலக்கியம் என்பது சொல், படம் பத்திரிகை வியாபாரத்துக்கான அலங்காரம்” என்பது இவர்கள் கட்சி. வார இதழ்கள் மீது சிற்றிதழ் மரபுக்கு இருந்த நியாயமான கோபம் இந்தக் கட்சிக்குப் பலம் சேர்த்தது. ஆனால் அந்தச் சிற்றிதழ் மரபே இவர்களுக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. 1960களின் இறுதியில் சேலத்திலிருந்து வந்த ‘நடை’ இதழையும், 1970இல் தொடங்கிய ‘கசடதபற’வையும் ஓவியர் ஆதிமூலத்தின் கோடுகளிலிருந்து பிரித்து நினைக்க முடியுமா? ஜூனியர் விகடனில் கி. ராஜநாராயணனின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’ வந்தபோது, அந்த மனிதர்களின் முகத்தை நமக்குக் காட்டியது யார்? நவீன ஓவியமும் நவீன இலக்கியமும் தமிழில் ஒரே காகிதத்தில்தான் முதலில் சந்தித்துக்கொண்டன. அந்தக் காகிதத்தை மின்னாக்கும்போது ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை வீசுவது நம் இலக்கிய வரலாற்றையே திருத்தி எழுதுவதாகும்.

இவர்கள் சட்டத்தையும் துணைக்கு அழைப்பதுண்டு. கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆகிவிட்டது, ஓவியத்தின் உரிமை வேறு கணக்கு என்பார்கள். உண்மை. அந்த உரிமை மதிக்கப்படத்தான் வேண்டும். ஆனால் ‘இங்கே ஓர் ஓவியம், வரைந்தவர் மணியம், இன்ன தேதியிட்ட இதழ், இன்ன பக்கம், படத்தில் காண்பது இது’ என்று ஒரு வரி எழுதுவதை எந்தச் சட்டம் தடுத்தது? பார்வையற்ற வாசகர் திரைவாசிப்பானின் துணையோடு படிக்கும்போது அந்த ஒரு வரிதானே அவருக்குப் படம்?

இரண்டாம் வகையினர் இவர்களுக்கு நேர் எதிர். கிடைத்த இதழையெல்லாம் வருடியில் இட்டு, நூறு பக்கத்தை ஒரு பிடிஎஃப் ஆக்கி, ‘பழைய புத்தகம் 37’ என்று பெயரிட்டு ஏற்றிவிடுகிறவர்கள். இவர்களிடம் படம் இருக்கும், எழுத்தும் இருக்கும், ஆனால் இரண்டும் சாம்பல் நிறப் புள்ளிகளாக இருக்கும். தேட முடியாது. எந்த ஆண்டு, எந்த இதழ், யார் வரைந்தது என்ற விவரம் எதுவும் கிடையாது. மூட்டையைக் கொண்டுவந்து வாசலில் போட்டுவிட்டு ‘நூலகம் திறந்துவிட்டேன்’ என்று சொல்வதைப் போன்றது இது. வாட்ஸ்அப் வழியாக வரும் பழைய ஓவியங்களின் கதி இன்னும் மோசம். புகைப்படமாக அனுப்பப்படும் கோப்பு அங்கே சுருக்கப்படுகிறது, அதனுள் எழுதியிருந்த விவரங்களும் உதிர்ந்துவிடுகின்றன. மணியம் வரைந்ததா, பிற்காலத்தில் அதே தொடருக்கு வினுவோ பத்மவாசனோ வரைந்ததா என்று தெரியாமல் எல்லாவற்றுக்கும் நாம் ஒரே வியப்பைத் தெரிவித்துவிட்டு நகர்கிறோம்.

எழுத்தை மட்டும் காத்தவர், மூட்டையை மட்டும் காத்தவர் என்ற இவ்விருவரையும் விடச் சிறப்பாகச் செயல்பட்டவர்கள் நம் வீடுகளிலேயே இருந்தார்கள். வாராவாரம் தொடர்கதைப் பக்கங்களைப் பிரித்தெடுத்து, வரிசைப்படுத்தி, பைண்டு செய்து, முதுகில் பெயர் எழுதி அலமாரியில் வைத்த பெண்களைச் சொல்கிறோம். படமும் கதையும் தேதியும் ஒரே நூலில் தைக்கப்பட்டன. பின்பக்கத்துத் தைல விளம்பரம்கூட உடன் வந்தது. எந்த மென்பொருளும் இல்லாமல் அவர்கள் தீர்த்துவைத்த பிரச்சினையை நாம் கணினியை வைத்துக்கொண்டு மீண்டும் உண்டாக்கியிருக்கிறோம்.

*

இப்போது மூன்றாவதாக ஒரு கூட்டம் புறப்பட்டிருக்கிறது. எழுத்தும் படமும் கலந்த பெருஞ்சேகரத்தை ஒழுங்குபடுத்த “எந்த மென்பொருள் நல்லது?” என்று கேட்டுக்கொண்டே இருப்பவர்கள் இவர்கள். சேகரிப்பவர் யாரைக் கண்டாலும் இதே கேள்விதான். ஒருவர் ஒன்றைச் சொல்வார். ஆறு மாதம் அதில் கொட்டுவார்கள். பிறகு வேறொன்று வரும். பழையதிலிருந்து புதியதற்குக் குடிபெயரும்போது பாதிச் சாமான் வழியில் உதிர்ந்துவிடும்.

கேள்வி தவறென்று சொல்லவில்லை, அதைக் கேட்கும் வரிசைதான் தவறு. மென்பொருளைக் கேட்கும் முன் சேகரத்தைக் கேட்க வேண்டும். சேகரத்தின் அடிப்படை அலகு எது? அதை என்ன பெயரால் அழைக்கிறோம்? எதனோடு எதைக் கட்டுகிறோம்? இவற்றுக்கு விடை இல்லாதவருக்கு எந்த நிரலும் பரண்தான்.

ஒரு சோதனை சொல்கிறோம். கோடியக்கரை என்ற ஒரே ஓர் ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் பற்றிய எழுத்தையும் படத்தையும் ஓரிடத்தில் திரட்ட முயலுங்கள். பெரிய ஊர் அல்ல. காவிரிப் படுகை கடலில் முடியும் மூலை. காடும் உப்பளமும் சேறும் சூழ்ந்த ஒரு முனை. ஆனால் அங்கே என்னவெல்லாம் வந்து சேர்கிறது என்று பாருங்கள்.

சுந்தரர் பாடிய கோடிக்குழகர் கோயில், அதன் பதிகம். ‘சுழற்காற்று’ அத்தியாயங்களும் அவற்றின் ஓவியங்களும். அருகிலிருக்கும் வேதாரண்யத்தில் 1930 ஏப்ரல் 30 அன்று ராஜாஜியும் தொண்டர்களும் உப்பெடுத்த நிகழ்வின் செய்திகள், புகைப்படங்கள், நாமக்கல் கவிஞர் அந்த யாத்திரைக்கென எழுதிய பாடல். 1967இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டதன் ஆணை, வெளிமான்களின் கணக்கு, 2002இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்ததன் ஆவணம், அதனோடு வரைபடம். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பறவைகளுக்கு வளையமிட்ட பதிவேடுகள். சோழர் காலத்தது என்று சொல்லப்பட்டுவந்த பழைய கலங்கரை விளக்கத்தின் எச்சம். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் அது சிதைந்தபின் நமக்கு மிஞ்சியவை பழைய படங்கள்தாம். 2018 நவம்பரில் கஜா புயல் காட்டை முறித்துப் போட்ட காட்சிகள்.

இவற்றில் பாதி எழுத்து, பாதி படம். ஒன்றில்லாமல் மற்றது ஊமை. விளக்கத்தின் புகைப்படம் எந்த ஆண்டு எடுக்கப்பட்டது என்ற குறிப்பு இல்லையென்றால் அது ஒரு செங்கல் குவியலின் படம். அவ்வளவுதான்.

அடுத்த சிக்கல் பெயர். சுந்தரர் தலத்தில் அது கோடி. கல்கியில் கோடிக்கரை. இன்றைய வழக்கில் கோடியக்கரை. ஒட்டிய காட்டூர் கோடியக்காடு. ஆங்கிலேயர் வரைபடத்திலும் பறவையியல் கட்டுரைகளிலும் பாயிண்ட் காலிமர். பழைய நூல்களின் தலைப்புப் பக்கத்தில் தஞ்சாவூர் ஜில்லா என்றிருக்கும். 1991இல் பிரிந்தபின் அது நாகப்பட்டினம் மாவட்டம். இத்தனையும் ஒரே இடம் என்பது ஊர்க்காரருக்குத் தெரியும். மென்பொருளுக்குத் தெரியாது. யாராவது ஒருவர் உட்கார்ந்து ‘இவையெல்லாம் ஒன்றே’ என்று பட்டியல் எழுதினாலொழிய, கோடியக்கரை என்று தேடுபவருக்குக் கல்கியும் கிடைக்க மாட்டார், சலீம் அலியும் கிடைக்க மாட்டார். நூலகர்கள் இதைக் காலங்காலமாகச் செய்துவருகிறார்கள். நாம்தான் ‘தேடுபொறி இருக்கிறதே’ என்று அந்த வேலையைக் கைவிட்டோம்.

*

தேடுபொறியை நம்புகிறவர்களுக்கு இன்னொரு செய்தி. கோடியக்கரை என்ற சொல்லின் முதலெழுத்தே கணினிக்குள் இரண்டு விதமாக இருக்க முடியும். யுனிகோடில் ‘கோ’ என்பதை ககரமும் ஓகாரக் குறியுமாக எழுதலாம். ககரம், ஏகாரக் குறி, கால் என்று மூன்றாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. யுனிகோட் விதிப்படியும் இரண்டும் சமம். ஆனால் அந்தச் சமத்தைச் சரிபார்க்கும் சிரமத்தை எடுத்துக்கொள்ளாத நிரலில் ஒன்றைத் தேடினால் மற்றது அகப்படாது. ஆப்பிள் கணினிகளின் பழைய கோப்பு முறை பெயர்களைப் பிரித்தே சேமித்தது. அங்கே ‘கோடியக்கரை’ என்று பெயரிட்ட கோப்பை வேறு கணினிக்குக் கொண்டுபோய், அதே பெயரைத் தட்டித் தேடி, ‘இல்லை’ என்ற பதிலைப் பெற முடியும். கோப்பு கண்ணெதிரே இருக்கும்போதே!

இது ஒரு சோறு. பானையில் இன்னும் உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்பு பார்வைக்குத் தமிழாக இருக்கும். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளின் குவியல். பல பிடிஎஃப் கோப்புகளிலிருந்து தமிழை நகலெடுத்தால் ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் இடம் மாறி விழும். சில நிரல்கள் உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் எழுத்தின் பகுதியாகவே மதிப்பதில்லை. சொல்லை அந்த இடத்தில் வெட்டி அட்டவணையில் சேர்க்கும். ‘கோடியக்கரையிலிருந்து’ என்ற சொல் ‘கோடியக்கரை’யின் வேற்றுமை ஏற்ற வடிவம் என்பதை அறிந்த நிரல்கள் குறைவு. எழுத்துணரிகள் வெகுவாக முன்னேறிவிட்டன என்பது உண்மையே. டெசராக்ட் 2018இல் நான்காம் பதிப்புக்கு வந்தபின் தெளிவான அச்சைத் தேர்ச்சியோடு படிக்கிறது. ஆனால் ஓவியத்தைச் சுற்றி வளைந்து ஓடும் பத்தியையும், ஓவியர் கையால் எழுதிய தலைப்பையும் அது படிக்கும் அழகைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். வார இதழ்ப் பக்கம் என்பதே அப்படிப்பட்ட பக்கம்தான்.

ஆகவே ஆங்கிலத்தில் எழுதப்பட்ட மென்பொருள் மதிப்புரைகளைப் படித்துவிட்டு ‘இது ஐந்து நட்சத்திரம்’ என்று நாம் இறக்கிக்கொள்வது பயன்தராது. அந்த மதிப்புரையாளர் ‘கோ’வைத் தேடிப் பார்க்கவில்லை.

*

இனி விடைக்கு வருவோம். அதையும் கோடியக்கரையிடமே கேட்கலாம்.

அங்கே பறவை ஆய்வாளர்கள் வலையில் சிக்கிய பறவையை எடுத்து, அளந்து, எடை போட்டு, காலில் ஒரு சிறு உலோக வளையத்தை மாட்டிப் பறக்கவிடுகிறார்கள். வளையத்தில் ஓர் எண். யாருக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற கழகத்தின் பெயர். பதிவேட்டில் அதே எண்ணுக்கு எதிரே தேதி, இடம், இனம், அளவுகள். அவ்வளவே. பறவை சைபீரியாவரை போகட்டும். அங்கே யார் கையில் கிடைத்தாலும் அது எங்கிருந்து வந்தது என்பதை அதன் காலே சொல்லும். பதிவேடு கோடியக்கரைக் கொட்டகையில் இருந்தாலும் மும்பை அலுவலகத்தில் இருந்தாலும் பரவாயில்லை. அடையாளம் பறவையோடு போகிறது.

நம் கோப்புகளுக்குக் காலில் வளையம் இல்லை. அவற்றின் அடையாளம் எல்லாம் ஏதோ ஒரு நிரலின் வயிற்றில் இருக்கிறது. நிரல் செத்தால் அடையாளமும் சாகிறது. கூகுளின் பிகாசா 2016இல் கைவிடப்பட்டது அனைவரும் அறிந்த செய்தி. அதில் ஜேபெக் படங்களுக்கு எழுதிய தலைப்புக் குறிப்புகள் படக்கோப்பின் உள்ளேயே பதிந்திருந்ததால் இன்றும் வேறு நிரல்களில் படிக்கக் கிடைக்கின்றன. ஆல்பம் ஆல்பமாக அடுக்கிய உழைப்போ பிகாசாவின் சொந்தக் கிடங்கில் இருந்தது. நிரலைக் கைவிட்டவர்களுக்கு அந்த அடுக்கு கலைந்தது. ஒரே நிரல், ஒரே பயனர், ஒரே மாலைப்பொழுதில் செய்த வேலை. வளையம் பூண்டது தப்பியது, பூணாதது தொலைந்தது. இதைவிடத் தெளிவான பாடம் வேண்டுமா?

ஆகவே எந்த மென்பொருளையும் நாங்கள் நான்கு கேள்விகளால் அளக்கிறோம். ஒன்று: பக்கத்தின் உருவையும் அதன் எழுத்துப் பாடத்தையும் ஒரே உருப்படியாகக் கட்டி வைக்க அதற்குத் தெரியுமா? இரண்டு: பக்கத்துக்குள் இருக்கும் ஓவியத்தைத் தனியே குறித்து, ஓவியருக்குத் தனிப் பெயர் கொடுக்க முடியுமா? மூன்று: ‘கோ’வை இரண்டு விதமாக எழுதித் தேடினாலும் கோடியக்கரை கிடைக்கிறதா? நான்கு: நாளை அதை விட்டு வெளியேறும்போது இக்கட்டுகள் எல்லாவற்றையும் பொதுவடிவக் கோப்பாகக் கையில் தருமா? நான்காவதற்கு ‘இல்லை’ என்றால் முதல் மூன்றையும் கேட்க வேண்டியதே இல்லை.

இந்த அளவுகோலில் தேறக்கூடியவை இருக்கத்தான் செய்கின்றன. ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தின் வரலாற்று மையத்திலிருந்து 2017இல் வெளிவந்த ட்ரோபி, ஆவணப் படங்களை வைத்து ஆராய்பவர்களுக்கென்றே செய்யப்பட்டது. பல பக்கப் படங்களை ஓர் உருப்படியாக இணைக்கலாம்; பக்கத்தின் ஒரு பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து அதற்குத் தனி விவரமும் குறிப்பும் எழுதலாம்; எல்லாவற்றையும் வெளியே ஏற்றுமதி செய்யலாம். நூல், கட்டுரை விவரங்களுக்கு அதே மையத்தில் பிறந்த சொடேரோ. பொதுமக்களுக்குக் காட்சிப்படுத்த ஒமேகா. மூன்றும் கட்டற்ற மென்பொருள்கள். உரிமைத் தடையில்லாத நூலுக்கு விக்கிமூலம் இருக்கிறது. இடப்பக்கம் எழுத்து, வலப்பக்கம் மூலப்பக்கத்தின் உரு. மெய்ப்புப் பார்க்காதது சிவப்பு, பார்த்தது மஞ்சள், இன்னொருவர் சரிபார்த்தது பச்சை. எழுத்தையும் பக்கத்தையும் பிரிக்கக் கூடாது என்ற ஒரே கொள்கையில் நிற்கும் அந்த ஏற்பாட்டைத் தமிழ் இலக்கிய உலகம் இன்னும் அண்ணாந்து பார்க்கவில்லை.

ஆனால் திரும்பவும் சொல்கிறோம், மென்பொருள் பதிவேடு மட்டுமே. வளையத்தை நாம்தான் மாட்ட வேண்டும். அதற்கு ஆகும் செலவு மிகச் சிறிது. ஒவ்வொரு பக்கத்துக்கும் இதழ், ஆண்டு, தேதி, பக்க எண் கொண்ட ஒரு குறியெண். படக்கோப்புக்கும் எழுத்துக்கோப்புக்கும் அதே எண். எழுத்துப் பாடம் சாதாரண யுனிகோட் உரைக்கோப்பாக இருக்கட்டும். அதை எந்தக் காலத்திலும் எந்தக் கணினியும் திறக்கும். படத்தின் உள்ளே விவரம் எழுத ஐபிடிசி, எக்ஸ்எம்பி என்ற பொதுமுறைகள் உண்டு; ஓவியர் பெயர், இதழ், தேதி, என்ன காட்சி என்ற நான்கையும் அங்கே எழுதிவிடுங்கள். ஊர்ப்பெயர், ஆட்பெயர்களுக்கு ஒரு பட்டியல்: கோடி, கோடிக்கரை, கோடியக்கரை, பாயிண்ட் காலிமர், நான்கும் ஒன்று. இவ்வளவும் முடிந்தபின் எந்த நிரலில் வேண்டுமானாலும் கொட்டுங்கள். அது மூடப்பட்டால் வேறொன்றுக்குப் போங்கள். பறவை தப்பிவிடும்.

*

“இதெல்லாம் வெள்ளைக்காரன் பழக்கம், நமக்கு ஒத்துவராது” என்று ஒரு குரல் எழும் என்பதை அறிவோம். அந்தக் குரலுக்குத் தஞ்சாவூரைக் காட்டுகிறோம். 1798 முதல் 1832 வரை ஆண்ட சரபோஜியின் காலத்தில் கண் நோயாளிகளைப் பற்றிய பதிவுத்தாள்கள் எழுதப்பட்டன. நோயாளியின் விவரம், அளித்த சிகிச்சை, கூடவே அந்தக் கண்ணின் வண்ண ஓவியம். சரசுவதி மகால் நூலகத்தில் அவை இருக்கின்றன. கண்ணைப் பற்றிய வாக்கியத்தை ஒரு கட்டிலும் கண்ணின் ஓவியத்தை வேறு கட்டிலும் போடும் அபத்தம் அந்த எழுத்தருக்கும் ஓவியருக்கும் தோன்றவில்லை. இரு நூற்றாண்டுகளுக்குப் பிறகு அது நமக்குத் தோன்றியிருக்கிறது.

கோட்டையூர் ரோஜா முத்தையாவையும் காட்டுகிறோம். பெயர்ப்பலகை எழுதும் ஓவியராக இருந்தவர் அவர். அதனால்தானோ என்னவோ, நூலைச் சேர்த்த அதே கையால் துண்டுப்பிரசுரத்தையும் அழைப்பிதழையும் சேர்த்தார். இது இலக்கியம், இது குப்பை என்று பிரிக்கவில்லை. 1992இல் அவர் மறைந்தபின் அந்தச் சேகரத்தின் அருமையை உணர்ந்து வாங்கியது சிகாகோ பல்கலைக்கழகம். சேகரம் சென்னையிலேயே தங்கி ஆய்வு நூலகமாக வளர்ந்தது நம் அதிர்ஷ்டம். ஒரு தனிமனிதர் காசு போட்டுக் காத்ததன் மதிப்பு கடல் கடந்தவர்களுக்குத் தெரிந்த பிறகே நமக்குத் தெரிந்தது என்பதை அதிர்ஷ்டத்தோடு சேர்த்து நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

கோடியக்கரைக்கு நேர் எதிரே, பாக்கு நீரிணையைக் கடந்தால் யாழ்ப்பாணம். 1981இல் அங்கே பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. அந்த நினைவைச் சுமந்தவர்கள் 2005இல் ‘நூலகம்’ என்ற மின்னூலகத்தைத் தொடங்கினார்கள். சிறு சஞ்சிகை, பாடசாலை மலர், நினைவு மலர், துண்டுப்பிரசுரம் என்று எதையும் அற்பமென்று ஒதுக்காமல் பக்கம் பக்கமாக வருடி, உள்ளடக்கப் பட்டியலையும் தட்டச்சிட்டு வைக்கிறார்கள். இழந்தவர்களுக்குச் சேகரத்தின் இலக்கணம் தெரிந்திருக்கிறது. இழக்காதவர்கள் என்று நம்மை நினைத்துக்கொண்டிருக்கும் நாம்தான் அலட்சியமாக இருக்கிறோம். உண்மையில் நாமும் இழந்துகொண்டுதான் இருக்கிறோம். நம் தீ மெதுவாக எரிகிறது. கரையான், ஈரம், எடைக்குப் போடும் கடை என்பன அதன் பெயர்கள். மின்னாக்கம் என்ற பெயரில் படத்தை உதிர்த்துவிட்டு எழுத்தை மட்டும் ஏற்றுவது அந்தத் தீக்கு நாமே விடும் காற்று. ஏனென்றால் ‘அதான் இணையத்தில் வந்துவிட்டதே’ என்ற ஒரு வாக்கியத்தின் பலத்தில்தான் பைண்டு செய்த தொகுப்புகள் வீட்டைவிட்டு வெளியேறுகின்றன.

எனவே எங்கள் கோரிக்கைகள் மூன்று. மின்னூல் வெளியிடுவோரே, எந்தப் பதிப்பிலிருந்து எடுத்தீர்கள் என்பதையும், அதில் படங்கள் இருந்தனவா, வரைந்தவர் யார் என்பதையும் முதல் பக்கத்தில் சொல்லுங்கள். விட்ட இடத்தில் ‘இங்கே படம்’ என்று ஒரு குறியாவது இடுங்கள். பொதுப்பணத்தில் நடக்கும் மின்னூலகங்களே, பிடிஎஃப் எண்ணிக்கையைச் சாதனையாக அறிவிப்பதை நிறுத்திவிட்டு, அவற்றில் எத்தனை பக்கம் தேடத்தக்கது, எத்தனை ஓவியத்துக்கு ஓவியர் பெயர் உண்டு என்ற கணக்கை அறிவியுங்கள். வாசகர்களே, உங்கள் வீட்டுப் பரணில் கட்டி வைத்த தொடர்கதைத் தொகுப்பு இருந்தால் ‘இணையத்தில் இருக்கிறது’ என்று சொல்லும் எவரையும் நம்பி எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அதைப் பிரிக்காமல் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுங்கள். இதழின் தேதியையும் ஓவியரின் கையொப்பத்தையும் எழுதி வையுங்கள். எந்த மென்பொருளில் அதைப் போடுவது என்ற விவாதத்தை அதன்பின் சாவகாசமாக வைத்துக்கொள்ளலாம்.